நாடியும் மேடும்: மிதிவண்டிப் பயிற்சியில் இருதயத்தை அளக்கும் முறைகள்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலை, மற்ற மலைப்பாதைகளில் கிட்டாத ஒரு பரிசோதனையை மிதிவண்டி ஓட்டுவோருக்கு வைத்திருக்கிறது. ஏற்காட்டுக்கோ உதகைக்கோ போகிறவன் விடியற்குளிரில் மலையேறி, வெயில் முதிர்ந்த பின் இறங்கி வருகிறான். ஒகேனக்கல் பாதையோ, பென்னாகரம் வரையில் மேடும் பள்ளமுமாகச் சென்று, அதற்கப்பால் காட்டினூடே காவிரிக் கரையை நோக்கிச் சரிந்து விடுவதால், காலையில் பெடலை மிதிக்காமலே இறங்கி வந்தவன், அருவியில் குளித்து, மீன் வறுவலோடு சோறும் உண்டு, உச்சிவெயிலில் அந்த மலையை ஏறித்தான் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. அப்படி ஏறுகிற ஒருவனுடைய மணிக்கட்டிலுள்ள கருவி நிமிடத்துக்கு 170 துடிப்பு என்று காட்டுமானால், அந்த எண் எதனுடைய அளவு? கால்களின் உழைப்பா, வெயிலின் கொடுமையா, வயதின் பாரமா, உண்ட உணவின் சுமையா, அல்லது பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பேருந்தைப் பற்றிய அச்சமா?

இந்தக் கேள்வி கருவியோடு பிறந்ததன்று. உழைப்பை அளக்க உடலுக்குள்ளே ஒரு குறியைத் தேடியவர்கள் ஒரு பக்கமும், உடலுக்கு வெளியே விளைந்த வேலையைக் கணக்கிட்டவர்கள் மறுபக்கமும், இரண்டும் வேண்டாம், ஓட்டுகிறவனையே கேட்டால் போதும் என்றவர்கள் வேறொரு பக்கமுமாக வெகுகாலமாக வாதம் நடந்து வருகிறது. இவர்களுடைய சித்தாந்தங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் உருவானவை. அவற்றை உஷ்ண பூமிக்குக் கொண்டுவரும்போது, கருவி காட்டும் எண் மாறாவிட்டாலும் அதன் பொருளில் ஒரு பகுதி மாறிவிடுகிறது. இந்த விஷயம் நம்மிடையே போதிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

விரலிலிருந்து நெஞ்சுப்பட்டைக்கு

சித்த வைத்தியர் நாடி பார்ப்பது எண்ணுவதற்காக அன்று. ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் மணிக்கட்டின்மேல் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், சேத்துமம் என்னும் மூன்றின் நடையை அவர் உணர முயன்றார். அந்த நடையை அன்னத்துக்கும் மயிலுக்கும், ஆமைக்கும் அட்டைக்கும், தவளைக்கும் பாம்புக்கும் ஒப்பிட்டுச் சொல்வது வைத்திய நூல்களின் மரபு. ‘எத்தனை’ என்னும் வினாவைவிட ‘எப்படி’ என்னும் வினாவே அங்கே பிரதானம்.

ஐரோப்பியர் எண்ணிக்கையின் வழியைப் பிடித்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய வைத்தியர் சாந்தோரியோ, ஊசலின் நூலை நீட்டியும் குறைத்தும் அதன் ஆட்டத்தை நாடியோடு ஒத்துவரச் செய்து, நூலின் நீளத்தையே நாடியின் அளவாகக் கொண்டார். 1707-இல் ஆங்கில வைத்தியர் ஜான் ஃப்ளாயர், சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு துடிப்பை எண்ணும் முறையை நூலாக வெளியிட்டார். இருதயத்தின் மின்சார அலையைப் பதிவு செய்யும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் செம்மைப்படுத்தி, 1924-இல் நோபெல் பரிசு பெற்றார். இவை யாவும் படுத்திருக்கும் நோயாளிக்கானவை. ஓடுகிறவனுடைய நாடியை ஓட்டத்தை நிறுத்தாமல் அறியும் வசதி வெகு காலம் வரவில்லை.

அந்த வசதி வந்தது பின்லாந்திலிருந்து. அந்நாட்டின் ஊலு நகரப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பேராசிரியராயிருந்த செப்போ சைனாயாகங்காஸ் 1977-இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். நெஞ்சில் கட்டிய பட்டையிலிருந்து கம்பியில்லாமல் மணிக்கட்டுக்குத் துடிப்பைத் தெரிவிக்கும் சாதனம் 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்து விற்பனைக்கு வந்தது. பனிமேல் சறுக்கி ஓடும் விளையாட்டே உயிர்மூச்சான நாடு அது. பிறப்பிடத்தின் இந்தக் குளிரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

220 என்னும் எண்

துடிப்பை எண்ண முடிந்ததும், எந்த எண் அதிகம், எந்த எண் போதாது என்று நிர்ணயிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 220-லிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது ஒருவருடைய உச்சத் துடிப்பு என்னும் சூத்திரம் இன்று உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களிலெல்லாம் தொங்குகிறது. பல கைக்கடிகாரங்கள், உடையவர் வேறு எதுவும் சொல்லாவிட்டால், இந்த எண்ணையே மௌனமாக எடுத்துக்கொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலங்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வளவு செல்வாக்குள்ள சூத்திரத்துக்கு அடிப்படையான மூலப் பரிசோதனை என்று ஒன்று இல்லை என்பதே இதன் சரித்திரத்தில் விசேஷம். 1971-ஆம் ஆண்டையொட்டி ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், பிறர் செய்த பல ஆய்வுகளின் புள்ளிகளை ஒரே படத்தில் இட்டு, ஏறத்தாழ இப்படியொரு கோடு போகிறது என்று குறித்ததே அதன் தோற்றம். 2002-இல் ராபர்க்ஸ், லேண்ட்வேர் என்னும் இருவர் அதன் பூர்வோத்தரத்தை ஆராய்ந்து இதை எடுத்துக் காட்டினர்.

திருத்தங்கள் வராமலில்லை. 2001-இல் தனாகா முதலியோர் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். 2010-இல் மார்த்தா குலாட்டி முதலியோர் பெண்களுக்கென்று தனியாக, வயதை 0.88-ஆல் பெருக்கி 206-லிருந்து கழிக்கலாம் என்றனர். நாற்பது வயதுக்காரருக்குப் பழைய சூத்திரமும் தனாகாவின் சூத்திரமும் ஒரே விடையாகிய 180-ஐயே தருகின்றன. அறுபது வயதில் முன்னது 160, பின்னது 166. பெண்ணுக்கு நாற்பதில் 171. சூத்திரங்களுக்குள் இவ்வளவுதான் சண்டை. ஆனால் எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் தனிமனிதருடைய உண்மையான உச்சம் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலோ கீழோ இருப்பது சாதாரணம். சிலரிடம் இருபதும் விலகும். சராசரிக்குப் பொருந்தும் சட்டையை ஊர் முழுவதற்கும் தைப்பது போன்ற காரியம் இது.

இதற்கு முன்பே, 1957-இல், பின்லாந்தின் கார்வோனன் முதலியோர் செய்த ஆய்விலிருந்து இன்னும் நியாயமான ஒரு முறை பிறந்திருந்தது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்துவிட்டு, எஞ்சிய இடைவெளியில் சதவீதம் பார்ப்பது அது. ஓய்வில் 60-ம் உச்சத்தில் 180-ம் உள்ளவருக்கு இடைவெளி 120. அதில் 60 சதவீதம் 72. ஆகவே அவர் 132-க்கு மேல் ஓட்டினால்தான் அந்த அளவுப் பயிற்சி. விவசாய வேலையால் ஓய்வுத் துடிப்பு தாழ்ந்தவனையும், நாற்காலியில் அமர்ந்து அது உயர்ந்தவனையும் இம்முறை ஒரே தட்டில் வைப்பதில்லை. ஆயினும் உச்சத்தை ஊகித்து எடுக்கும் குறை இதிலும் தீரவில்லை.

மோசரின் மணிநேரம்

இருதய அளவைக் கட்சிக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது ஓர் இத்தாலியச் சம்பவம். பெர்ராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்கோனி 1982-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்: வேகத்தைப் படிப்படியாக ஏற்றினால் துடிப்பும் நேர்கோட்டில் ஏறி, ஒரு கட்டத்தில் அக்கோடு வளைந்து தணிகிறது, அந்த வளைவே, தசைகள் பிராணவாயு போதாமல் கடன் வாங்கத் தொடங்கும் எல்லை, ஆகையால் ஊசி குத்தி இரத்தம் எடுக்காமலே, நாடியை மட்டும் கொண்டு எல்லையைக் கண்டுவிடலாம் என்பது அவர் வாதம். 1984 ஜனவரியில், கொன்கோனியின் முறையில் பயிற்சி பெற்ற பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி, எடி மெர்க்ஸ் 1972-இல் வைத்திருந்த 49.431 என்னும் சாதனையை முறியடித்தபோது, அது நாடியளவையின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது.

பிற்காலத்து ஆய்வாளர்கள் இதை நம்புவதில் தயங்குகிறார்கள். அந்த வளைவு பலரிடம் தோன்றுவதேயில்லை. தோன்றுகிறவர்களிடமும் இரத்தப் பரிசோதனை காட்டும் எல்லையோடு அது எப்போதும் ஒத்துப்போவதில்லை. மோசரின் சாதனைக்கோ, கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மெல்லிய காற்றும், ஆரமில்லாத வட்டத்தகட்டுச் சக்கரங்களும், அக்காலத்து விதிகள் தடுக்காத இரத்தமேற்றலும் (இதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்) சேர்ந்து காரணங்களாயிருந்தன. இத்தனை காரணங்கள் கூடிநின்ற இடத்தில் புகழை நாடிக்கருவி ஒன்றே தட்டிக்கொண்டு போனது, விளம்பர யுகத்தின் நியாயம் போலும்.

வாட் கணக்கு

மறுபக்கத்தார் உடலுக்கு வெளியே நின்றார்கள். ஜெர்மனியின் உல்ரிக் ஷோபெரர் 1986-இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம், பெடல் கட்டையின் உலோகம் மிதிக்கும்போது வளையும் நுண்ணிய வளைவை மின்சாரத்தால் அளந்து, அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கி, ஓட்டுகிறவன் செலுத்தும் திறனை வாட் கணக்கில் காட்டியது. இது வந்த பின், நாடியைப் பார்ப்பது பழங்கதை என்று சொல்லும் பயிற்சியாளர்கள் தோன்றினார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. மேடு தொடங்கிய கணத்தில் கால் இரட்டிப்பு வேலை செய்கிறது; இருதயமோ அதை உணர்ந்து உயர ஒரு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறது; குறுகிய மேடானால் அது உயர்ந்து முடிவதற்குள் மேடே முடிந்துபோகிறது. வாட் அப்படித் தாமதிப்பதில்லை. காப்பி குடித்ததற்கும் தூக்கம் கெட்டதற்கும் அது ஏறி இறங்குவதுமில்லை.

ஒகேனக்கல் பாதையில் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஒரு துண்டை எண்ணிப் பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ. வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 130 வாட் வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 150-ஐத் தாண்டும். அதே வேகத்துக்குச் சமதளத்தில் 30 வாட்டே மிகை. ஆகவே வேகமானி உழைப்பைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை என்பதும், வாட் கணக்கு அதைச் சந்தேகத்துக்கிடமின்றிச் சொல்லிவிடுகிறது என்பதும் உண்மை.

ஆனால் எதைச் சொல்கிறது? செய்த வேலையைச் சொல்கிறது; அதற்குக் கொடுத்த விலையைச் சொல்வதில்லை. 150 வாட் மார்கழியிலும் 150, சித்திரையிலும் 150. அதை உண்டாக்க உடல் பட்ட பாடு இரண்டு மாதங்களிலும் ஒன்றா என்று கேட்டால் கருவி மௌனம் சாதிக்கிறது. விலை அதிகம் என்பது இன்னொரு குறை. நம்மூரில் பலருடைய வண்டியின் விலையே அந்தக் கருவியின் விலைக்கு எட்டாது.

கியர் இல்லாத வண்டிக்கு இன்னும் அடிப்படையான ஒரு தடை இருக்கிறது. பதினோராம் வகுப்பு மாணவருக்கு அரசு வழங்கும் மிதிவண்டியோ, கேரியரின் இருபுறமும் பால் கேன் தொங்கும் பழைய வண்டியோ, பெடல் ஒருமுறை சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடுவது. மேற்சொன்ன ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலும் நிமிடத்துக்கு நாற்பது சுற்றுக்குக் குறைவாக, நின்றுகொண்டு, முழு எடையையும் போட்டு மிதிக்க வேண்டும். இன்னும் மெதுவாகப் போகலாமென்றால் வண்டி சாய்ந்துவிடும். ‘துடிப்பை 130-க்குள் வைத்து ஏறு’ என்னும் மண்டல சாஸ்திரம், இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்வதற்குச் சமம். நாடி மண்டலங்களும் வாட் மண்டலங்களும் கியரை முன்னரே நிபந்தனையாக ஏற்றுக்கொண்டு பிறந்தவை. இந்த நிபந்தனையைப் புத்தகங்கள் சொல்வதில்லை.

வெயிலின் பங்கு

இனி இந்த விசாரணையின் மையத்துக்கு வருவோம். மனித உடல், தான் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெடலுக்கு அனுப்புகிறது, எஞ்சியது உஷ்ணம். 150 வாட் மிதிப்பவன் உள்ளே ஐந்நூறு வாட்டுக்குக் குறையாத ஓர் அடுப்பை எரித்துக்கொண்டு போகிறான். குளிர்காற்று வீசும் ஊரில் இந்த உஷ்ணத்தின் பெரும்பகுதியைக் காற்றே தோலிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடும். தருமபுரியில் சித்திரை மாதத்து நடுப்பகல் காற்று 38, 39 டிகிரிக்குப் போய், தோலின் சூட்டையும் மிஞ்சிவிடும்போது, காற்று உஷ்ணத்தை வாங்குவதற்குப் பதிலாகக் கொடுக்கத் தொடங்குகிறது. மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. அந்த ஐந்நூறு வாட்டை வியர்வை ஒன்றே போக்க வேண்டுமானால், மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை, ஒரு துளியும் சொட்டி வீணாகாமல், தோலின் மீதே ஆவியாக வேண்டும். மேட்டில் வண்டி மெதுவாகப் போவதால் காற்றோட்டமும் குறைவு; காற்று பின்னாலிருந்து வீசினால் அதுவும் இல்லை.

இந்நிலையில், கால்கள் அதே வேலையைச் செய்துகொண்டிருக்க, துடிப்பு மட்டும் பத்து, பதினைந்து, சிலருக்கு இருபது என்று மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் இருதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு குறைவதால், குறைந்ததை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள். குறைவது ஏன் என்பதில்தான் இரண்டு பட்சம். சூட்டைப் போக்குவதற்காக இரத்தம் தோலுக்குத் திருப்பப்பட்டு அங்கேயே தேங்கிவிடுகிறது, இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது என்பது லோரிங் ரோவெல் முதலியோர் வளர்த்த பழைய விளக்கம். 1999-இல் ஃப்ரிட்சே, கோயில் முதலியோர், துடிப்பு ஏறாமல் தடுக்கும் மருந்தைச் சிறிதளவு கொடுத்து மிதிக்க வைத்துப் பார்த்தபோது, துடிப்பு ஏறவில்லை, துடிப்பொன்றுக்கான இரத்தமும் குறையவில்லை. ஆகையால் உடற்சூடும் பிறவும் முதலில் துடிப்பை ஏற்றுகின்றன, வேகமாகத் துடிப்பதனால் இருதயம் நிரம்ப நேரமில்லாமல் போகிறது என்று அவர்கள் காரணகாரியத்தைத் தலைகீழாக்கினார்கள். நீர் வற்றிய உடலிலும் கடும் உஷ்ணத்திலும் பழைய விளக்கமே பொருந்தக்கூடும் என்று இரண்டையும் இணைப்பவர்களும் இருக்கிறார்கள். தருமபுரியின் நடுப்பகல் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

மண்டல சாஸ்திரப்படி ஓட்டுகிறவனுக்கு இதனால் ஒரு சங்கடம். துடிப்பை 140-இலேயே நிறுத்த விரும்பினால், ஏற ஏற அவன் வேலையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கால்களின் பயிற்சி என்று பார்த்தால் இது நஷ்டம்; உடம்பின் பாதுகாப்பு என்று பார்த்தால் இதுவே லாபம். வாட் கட்சி நாடியின் குறையென்று தள்ளிய இந்த விலகல், வெயில் நாட்டில் அதன் தலையான குணமாகிவிடுகிறது. குளிர் தேசத்தில் உழைப்பை அளக்கப் பிறந்த கருவி, இங்கே உடல் வெயிலோடு நடத்தும் போரை அளக்கும் கருவியாகிறது. அதை வாங்கியவர்களோ, அது இன்னும் பழைய வேலையையே செய்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வெயிலுக்கு உடல் பழகுவதும் உண்டு. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை நாள்தோறும் உஷ்ணத்தில் உழைப்பவனுக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, வியர்வை சீக்கிரமே சுரந்து, அதே வேலைக்கான துடிப்பு கணிசமாக இறங்கிவிடுகிறது. தொழிற்சாலை உழைப்பைப் பற்றிய உடலியல் இதை வெகுநாளாக அறியும். இந்தியத் தொழிலாளர் நாள் முழுவதும் தாங்கக்கூடிய வேலையின் எல்லையை ஆராய்ந்து சாகா முதலியோர் 1979-இல் வெளியிட்ட முடிவு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 துடிப்பு என்பது. விளையாட்டுப் புத்தகங்கள் இதை எடுத்தாளுவதில்லை. இருந்தாலும், எட்டு மணி நேரம் வெயிலில் வண்டி மிதிக்கப் போகிறவனுக்கு அந்த எண்ணைவிட அருகிலுள்ள இந்திய அளவுகோலைக் காட்டுவது கடினம்.

கருவி பொய் சொல்லும் இடங்கள்

நெஞ்சுப்பட்டை மின்சார அலையைப் பிடிப்பது. தோல் ஈரமாயிருந்தால்தான் அது பேசும். வீட்டிலிருந்து புறப்பட்ட முதற் பத்து நிமிடம், வியர்வை கசியும் வரையில், அது 200 என்றும் 40 என்றும் உளறுவதுண்டு; பட்டையை நீரில் நனைத்துக் கட்டுவது அதற்காகத்தான். இறக்கத்தில் பாலியெஸ்டர் சட்டை படபடக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரமும் அதை ஏமாற்றும்; பெடலையே தொடாமல் இறங்குகிறவனுக்குத் துடிப்பு உச்சத்தில் நிற்பதாகக் கண்டால் வைத்தியரிடம் ஓடுமுன் சட்டையைப் பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரத்தின் முறை வேறு. அது பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, இரத்தம் பாயும்போது ஒளி குறைவதைக் கொண்டு எண்ணுகிறது. ஹேண்டில்பாரை இறுகப் பிடித்த மணிக்கட்டின் மடிப்பும், குண்டுகுழிச் சாலையின் அதிர்வும் இதற்கு எதிரிகள். 2017-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு ஏழு சாதனங்களைச் சோதித்தபோது, ஆறு சாதனங்கள் துடிப்பை ஐந்து சதவீதத்துக்குட்பட்ட பிழையோடு சொல்லின. மிதிவண்டியில் பிழை மற்றப் பயிற்சிகளைவிடக் குறைந்தேயிருந்தது. ‘இத்தனை கலோரி எரித்தீர்கள்’ என்று பாராட்டுவதில் மட்டும் எல்லாமே தவறின. அவற்றில் சிறந்தது 27 சதவீதம் பிழை, கடைசி 93 சதவீதம்.

அதே ஆய்வு கருத்த தோலில் பிழை கூடுவதாகவும் கண்டது. பச்சை ஒளியைத் தோலின் கருநிறமி விழுங்குகிறது என்பதால் அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நம்மைப் போன்ற நிறமுடையவர்களுக்கு இதைவிடச் சொந்தமான கேள்வி இராது. விடையோ இரண்டுபட்டு நிற்கிறது.

போன வழியின் பதிவு

எங்கே போனோம், எவ்வளவு தூரம் என்பதை அளக்கும் ஆசையும் பழையதுதான். 1895-இல் அமெரிக்காவின் கர்ட்டிஸ் வீடர் செய்த சிறு எண்பெட்டி, முன்சக்கரத்தின் ஆரத்தில் பொருத்திய ஆணி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல்லைத் தள்ளத் தூரத்தைக் காட்டியது. நெடுந்தூர ஓட்டக்காரர்களான ‘ரந்தோன்னர்’கள், வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை பெற்று, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள்ளும் 600-ஐ நாற்பது மணிக்குள்ளும் முடித்ததற்குச் சாட்சி காட்டும் வழக்கம் பிரான்சிலிருந்து வந்து இந்தியாவிலும் வேரூன்றியிருக்கிறது. அங்கே வேகத்துக்குப் பரிசில்லை. நேரத்துக்குள் வந்தவர் யாவரும் சமம்.

2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியதும், நூறு மீட்டர் தவறிய கணக்கு சில மீட்டருக்குள் வந்தது. மிதிவண்டியின் ஹேண்டில்பாருக்கும் செயற்கைக்கோளுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது. 2009-இல் தொடங்கிய ஸ்ட்ராவா என்னும் இணையச் சேவை, சாலையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் வேகப் பட்டியல் வைத்தது. இது பயிற்சிக்கு ஊக்கம் என்பார் சிலர். ஊர்ச்சாலையைப் பந்தயமைதானமாக்கிவிட்டது என்பார் சிலர். இரண்டாமவர் அச்சத்துக்கு, லாரிகள் பிரேக் பிடிக்காமல் கவிழும் செய்தி ஓயாத தொப்பூர்க் கணவாயைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. ஏற்றத்தில் பட்டியல் போட்டால் மூச்சுத்தான் முட்டும். இறக்கத்தில் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆபத்தான துண்டுகளைக் குறித்து அவற்றின் பட்டியலை மறைக்கும் வசதியை அந்நிறுவனம் பின்னர் சேர்த்தது.

அளவையின் துல்லியத்திலும் ஐயமுண்டு. காடு அடர்ந்து பாறை உயர்ந்த வளைவுகளில் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்புவதால், ஓட்டியவன் பள்ளத்தில் பறந்ததாகப் படம் காட்டும். உயரத்தைக் காற்றழுத்தத்தால் கணிக்கும் கருவி, மாலையில் மழை கூடி அழுத்தம் தாழ்ந்தால், ஓரிடத்தில் நின்றவனையே மேலே ஏற்றிவிடும். ஒரே வழியில் சேர்ந்து போன இருவருடைய ஏற்றக் கணக்குகள் ஒத்திருப்பது அபூர்வம்.

இன்னும் ஆழமான தர்க்கம், பதிவு யாருடையது என்பது. உலக முழுவதும் உறுப்பினர் ஓடிய தடங்களை ஸ்ட்ராவா ஒரே ஒளிப்படமாக வெளியிட, 2018 ஜனவரியில் அதில் ராணுவ முகாம்களின் உருவங்கள் பாலைவனத்தில் துலங்கியதை ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கண்டு சொன்னார். 2020 ஜூலையில், பயிற்சிக் கடிகாரம் செய்யும் கார்மின் நிறுவனத்தின் கணினிகளைக் கயவர்கள் பூட்டிவிட்டபோது, தாங்கள் ஓட்டிய தூரத்தைத் தாங்களே பார்க்க முடியாமல் பல நாள் தவித்தார்கள் அதன் கடிகாரங்களை வைத்திருந்தவர்கள். இந்தியாவில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று தீர்த்ததும், 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இதில் கொஞ்சம் நம்பிக்கையளிக்கலாம். ஆயினும், தினமும் ஐந்தரை மணிக்குப் புறப்படுகிற வீட்டின் வாசலையும், அங்கே இருப்பவருடைய இருதயத்தின் நிலையையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது சாதாரண விஷயமன்று.

ஓட்டுகிறவனையே கேட்போர்

சுவீடனின் குன்னார் போர்க் 1960-களில் அமைத்த அளவுகோலுக்குக் கருவியே வேண்டாம். ஆறிலிருந்து இருபது வரையுள்ள எண்களில், தன் சிரமம் எது என்று ஓட்டுகிறவனே சொல்ல வேண்டும். சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான நடுவயதினரின் துடிப்புக்கு அருகில் வரும்படி அதை அவர் வகுத்தார். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்பது இதன் நாட்டு வடிவம். கார்ல் ஃபாஸ்டர் என்பவர் இத்தகைய சிரம எண்ணை நிமிடங்களால் பெருக்கி ஒரு நாளின் பயிற்சிச் சுமையைக் கணக்கிட்டார். நாடியைக் கொண்டு கனடாவில் எரிக் பானிஸ்டர் செய்த சிக்கலான கணக்குக்கு அது பெரும்பாலும் இணையாகவே நிற்கிறது.

புதியவனுக்குத் தன் சிரமம் தெரியாது, கூட்டத்தில் போகிறவன் வீம்புக்குக் குறைத்துச் சொல்வான் என்னும் ஆட்சேபங்கள் சரியே. ஆனால் வெயிலையும் பசியையும் தூக்கக்கேட்டையும் ஒருசேரக் கணக்கில் எடுப்பது இந்த அளவுகோல் ஒன்றுதான். நாடியின் நடையைப் பார்த்த வைத்தியருக்கும் இவர்களுக்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதாகத் தோன்றினால், அதை அதிகம் நீட்டாமல் விட்டுவிடுவதே நல்லது.

தீராதவை

வாட் வேலையைச் சொல்கிறது, நாடி அதன் விலையைச் சொல்கிறது, சிரம எண் அந்த விலை கட்டுப்படியாகிறதா என்று சொல்கிறது என்ற அளவில், மூன்று கட்சிகளும் இன்று முன்போல் சண்டையிடுவதில்லை. ஒன்றில் மட்டும் உறுதியாயிருக்கலாம்: கடிகாரம் இருதயத்தைப் பரிசோதிக்கும் வைத்தியர் அன்று. தெற்காசியருக்கு மாரடைப்பு மற்றவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவது பன்னாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். துடிப்பு எண் பச்சை மண்டலத்தில் நிற்பதனால் இரத்தக் குழாயில் அடைப்பில்லை என்று ஆகிவிடாது. நெஞ்சில் பாரம் தோன்றினால் எண்ணைப் பாராமல் இறங்கிவிட வேண்டும்.

மற்றவை திறந்தே கிடக்கின்றன. வயதிலிருந்து உச்சத் துடிப்பைக் கணிக்கும் சூத்திரங்கள் பெரும்பாலும் மேனாட்டார் உடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. தோல் நிறத்தின் வழக்கு முடியவில்லை. துடிப்பின் ஏற்றத்தில் உழைப்பின் பங்கு எவ்வளவு, உஷ்ணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, ஆய்வுக்கூடத்தின் நிழலில் நிலைச்சைக்கிள் மிதித்தவர்களின் கணக்கு போதாது. சாலையும் சூரியனும் வேண்டும். ஒகேனக்கல் ஏற்றம் அதற்கு இயற்கை அமைத்த கூடம். மார்கழியில் ஒருநாள் காலை, சித்திரையில் ஒருநாள் நடுப்பகல், அதே ஆள், அதே வண்டி, அதே 150 வாட். உச்சியில் நெஞ்சுப்பட்டை காட்டும் இரண்டு எண்களின் வித்தியாசமே வெயிலின் பங்கு. சித்திரைக்குள் உடல் வெயிலுக்குப் பழகியிருக்குமாதலால், அந்த வித்தியாசமும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். பெங்களூரின் குளிரூட்டிய அறையிலிருந்து வார இறுதியில் வந்திறங்குபவனுக்கும், பங்குனி முழுவதும் கேன் சுமந்து மிதித்த பென்னாகரத்துப் பால்காரருக்கும் அது எவ்வளவு வேறுபடும் என்பது, ஓரிரண்டு நெஞ்சுப்பட்டைகளும் ஒரு கோடையும் இருந்தால் அளந்து பார்த்துவிடக்கூடியது.